எத்தனை புள்ளி? வீடியோ கேம் விமர்சனங்களை முன்வைத்து

இலக்கியச் சஞ்சிகையொன்றில் வீடியோ கேம் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கக்கூடிய நண்பர்கள் எனக்கு நிறையவே இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து முகம் சுளித்திருப்பேன். ஆகவே இதை எழுத நேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த பாடசாலை விடுமுறையில் என் தங்கையின் மகனைக் கூட்டிக்கொண்டு சீகிரியாவுக்குப் போயிருந்தேன். உயர்தரம் படிக்கிற பிள்ளை. விழித்திருக்கும் நேரத்தில் பாதி கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால்தான் கழிகிறது. "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்க நானா, நாலு மரத்தையாவது பார்க்கட்டும்" என்று தங்கை சொன்னதன் பேரில்தான் அந்தப் பயணம். மாத்தளையிலிருந்து நாவுல, தம்புள்ளை என்று பஸ்ஸில் போய் இனாமலுவைச் சந்தியில் திரும்பினோம். ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களோடு எத்தனையோ தடவை ஏறிய குன்றுதான்.

சுழல்படியேறி ஓவியங்களைப் பார்த்துவிட்டு இறங்கி, கண்ணாடிச் சுவரின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு வழிகாட்டி வெளிநாட்டவர் சிலருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கு வந்தவர்கள் மேலேயுள்ள ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் மனதில் பட்டதைக் கவிதையாக இந்தச் சுவரில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார் அவர். மருமகன் என் பக்கம் திரும்பினான்.

"அப்ப இது ரிவியூதானே மாமா? எத்தனை புள்ளி போட்டிருக்காங்க?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் குன்றிலிருந்து இறங்கி முடியும்வரை அந்தக் கேள்வி என்னோடு இறங்கி வந்தது. பையன் சொன்னதில் முதற்பாதி முற்றிலும் சரி. இரண்டாம் பாதிதான் இக்கட்டுரை.

1

சீகிரியா ஐந்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பனின் கோட்டை. அவன் காலத்துக்குப் பின் அரண்மனை கைவிடப்பட்டது. ஓவியங்கள் மிஞ்சின. அவற்றைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வந்தார்கள். பளபளப்பாகச் சாந்து பூசப்பட்ட சுவர் அவர்களுக்கு எழுதுபலகையாயிற்று. பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுதப்பட்ட இந்தச் சிங்களக் கவிதைகளில் 685ஐ வாசித்தறிந்து, பேராசிரியர் செனரத் பரணவிதான 1956இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். சிங்கள மொழியின் வரலாற்றை ஆராய்பவர்களுக்கு அது ஒரு சுரங்கம். என்னைப் போன்ற சாதாரண வாசகனுக்கு அது உலகின் மிகப் பழைய பார்வையாளர் புத்தகங்களில் ஒன்று.

எழுதியவர்கள் யார்? பிக்குகள், அரச சேவகர்கள், படைவீரர்கள், ஊரிலிருந்து சும்மா பார்க்க வந்தவர்கள். பெண்களும் எழுதியிருக்கிறார்கள், ஓவியத்திலுள்ள பெண்களை அவர்கள் பார்த்த பார்வை ஆண்கள் பார்த்த பார்வை அல்ல. ஒருவர் அந்த அழகில் மயங்கி நிற்கிறார். இன்னொருவர், இவ்வளவு தூரம் ஏறி வந்தும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார்களே என்று குறைப்படுகிறார். பலரும் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். இன்ன ஊரான், இன்ன தொழிலான் என்று சொல்கிறார்கள். அதன் பிறகுதான் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள்.

விமர்சனத்துக்கு வேண்டிய அடிப்படைகள் இவ்வளவுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. யார் பார்த்தது, எங்கிருந்து வந்து பார்த்தது, என்ன கண்டது, அது அவரை என்ன செய்தது. இந்த நான்கும் இருந்தால் அவரோடு நான் உடன்படலாம், சண்டையும் பிடிக்கலாம். அந்தச் சுவரில் எவரும் பத்துக்கு எட்டு என்று எழுதியதாக நான் வாசிக்கவில்லை.

2

மருமகனின் உலகத்தில் எல்லாம் தலைகீழ். ஒரு கேம் வெளிவந்தால் அவன் முதலில் தேடுவது அதன் புள்ளியை. புள்ளி 90க்கு மேலென்றால் முகம் மலர்கிறது. 70க்குக் கீழென்றால் அந்தக் கேம் அவனைப் பொறுத்தவரை மௌத்தாகிவிட்டது. அந்தப் புள்ளியைப் போட்டவர்கள் யார், ஏன் போட்டார்கள் என்பதை அவன் வாசிப்பதில்லை. அவனுடைய கூட்டாளிகளும் வாசிப்பதில்லை.

இந்தப் புள்ளிக்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் 1986இல் தொடங்கிய 'ஃபமிட்சு' என்ற சஞ்சிகை ஒவ்வொரு கேமையும் நான்கு பேரிடம் கொடுத்து, ஆளுக்குப் பத்துப் புள்ளியாக நாற்பதுக்குப் போடவைத்தது. நாற்பதுக்கு நாற்பதை முதன்முதலில் வாங்கிய கேம் 1998இல் வந்த 'செல்டா' வரிசையின் 'ஒக்கரினா ஒஃப் டைம்'. அங்காவது நான்கு பேர் தனித்தனியே தெரிந்தார்கள். ஒருவர் பத்தும் மற்றவர் ஆறும் போட்டால் வாசகனுக்கு அது ஒரு செய்தி. 2001இல் வந்த 'மெட்டாக்ரிடிக்' இந்த வேறுபாட்டையும் கரைத்துவிட்டது. பத்துக்குப் போட்டவர், ஐந்து நட்சத்திரத்துக்குப் போட்டவர், எழுத்தால் தரம் பிரித்தவர் எல்லோருடைய தீர்ப்பையும் நூறுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறார்கள். எந்த ஏட்டுக்கு எவ்வளவு பாரம் கொடுக்கிறார்கள் என்பதை வெளியே சொல்வதில்லை. கேமுக்கு 75க்கு மேல் வந்தால் பச்சை நிறம். நம் பரீட்சைகளிலும் 75 எடுத்தால்தான் 'ஏ' சித்தி. அதனால்தானோ என்னவோ நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு இலகுவாகப் பிடிபட்டுவிட்டது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று இந்நாட்டுப் பெற்றோருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு புள்ளி குறைந்த பிள்ளை அறையைப் பூட்டிக்கொண்டு அழுததை நான் கண்டிருக்கிறேன். 2010இல் 'ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்' என்ற கேமைச் செய்த 'ஒப்சிடியன்' நிறுவனத்தாருக்கும் இதுவே நடந்தது. மெட்டாக்ரிடிக்கில் 85 வந்தால் மேலதிகக் கொடுப்பனவு என்பது அவர்களுக்கும் வெளியீட்டாளருக்கும் இருந்த ஏற்பாடு. வந்தது 84. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012இல் இதைப் பகிரங்கமாகச் சொன்னார். எங்கோ இருந்த சில மதிப்புரையாளர்கள் தங்கள் ரசனையைத்தான் எழுதினார்கள். அந்த ரசனை இன்னொரு கூட்டத்தாரின் வருமானத்தைத் தீர்மானிக்கப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

புள்ளி இவ்வளவு பெறுமதி பெற்றுவிட்டால் அதை விலைக்கு வாங்கவும் ஆள் வரும். 2007 நவம்பரில் 'கேன் அன்ட் லிஞ்ச்' என்ற கேமுக்குப் பத்துக்கு ஆறு போட்டார் 'கேம்ஸ்பொட்' நிறுவனத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன். அதே நேரத்தில் அதே இடத்தில் அந்தக் கேமின் விளம்பரங்கள் நிறைந்திருந்தன. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரதாரர் தரப்பின் அழுத்தம் அதன் பின்னால் இருந்ததை 2012இல் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

பொய் சொல்லாமலேயே புள்ளி பிழைக்கவும் முடியும். 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' அதற்கு நல்ல உதாரணம். வெளியீட்டுக்கு முன் மதிப்புரையாளர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பிரதி மட்டுமே. அதை விளையாடியவர்கள் உண்மையாகத்தான் எழுதினார்கள். சராசரி 90ஐ ஒட்டி நின்றது. அந்தப் புள்ளியை நம்பிப் பழைய பிளேஸ்டேஷன் 4இல் விளையாட வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அடிக்கடி நின்றுபோகும், உருவங்கள் குழம்பும் வேறொரு பண்டம். ஒரு வாரத்துக்குள் சோனி நிறுவனம் அதைத் தன் கடையிலிருந்தே அகற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் மீண்டும் விற்பனைக்கு வந்தது. "நான் இன்ன கருவியில், இன்ன பிரதியில் பார்த்தேன்" என்ற வாக்கியம் மதிப்புரைகளுக்குள் இருந்திருக்கலாம். 90 என்ற இலக்கத்துக்குள் அது இல்லை. இன்ன ஊரான் என்று சுவரில் எழுதியவர்களின் பழக்கம் எவ்வளவு பெரிய நேர்மை என்று அப்போதுதான் விளங்கியது.

3

இனி எங்கள் விடயத்துக்கு வருகிறேன்.

2009இல் வந்த 'கால் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார் 2' மெட்டாக்ரிடிக்கில் 94 பெற்ற கேம். அதில் பிரேசில் நாட்டுச் சேரி ஒன்றைக் களமாகக்கொண்ட பகுதி ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஒரு குளியலறைச் சுவரில், சட்டமிட்ட படமொன்றில் அரபு எழுத்து. இறைவனையும் அழகையும் இணைத்துச் சொல்லும், நம் மத்ரசாப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த நபிமொழிதான் அது. மலசலகூடத்துக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். செய்தவர்களுக்கு அது வெறும் அலங்காரக் கோடுகளாகத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். விளையாடிய முஸ்லிம் இளைஞர்கள் முறையிட்ட பின்னர், மூன்று வருடம் கழித்து 2012 ஒக்டோபரில், அந்தக் களத்தைத் தற்காலிகமாக நீக்கித் திருத்தினார்கள். 2021இல் அதே வரிசையின் 'வான்கார்ட்' கேமில் குர்ஆன் பக்கங்கள் தரையில் சிதறிக்கிடப்பதாகக் காட்டப்பட்டு, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அகற்றியது.

94 புள்ளி போட்டவர்களில் எவரும் வேண்டுமென்று நம்மை அவமதிக்கவில்லை. அவர்களுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாதது பிழையல்ல. வாசிக்கத் தெரியாதவர்கள் மட்டுமே கூடி எடுத்த சராசரியை முழு உலகத்தின் தீர்ப்பு என்று கொடுப்பதுதான் பிழை.

ஆனால் இந்த இடத்தில் நாமும் நம்மை விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2008 ஒக்டோபரில் 'லிட்டில் பிக் பிளனட்' என்ற சிறுவர் கேம் வெளிவரவிருந்த தறுவாயில், அதிலிருந்த ஒரு பாடலில் குர்ஆன் வசனங்கள் வருகின்றன என்று ஒருவர் சுட்டிக்காட்ட, சோனி நிறுவனம் அச்சான பிரதிகளையெல்லாம் திரும்பப் பெற்று, பாடலை இசையாக மட்டும் ஆக்கி வெளியிட்டது. அந்தப் பாடலைச் செய்தவர் மாலி நாட்டின் புகழ்பெற்ற கோரா வாத்தியக் கலைஞர் துமானி ஜபாத்தே. அவர் ஒரு முஸ்லிம். மேற்கு ஆபிரிக்க முஸ்லிம்களிடையே இறைவசனமும் இசையும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வாழும் ஒரு மரபிலிருந்து வந்தவர். நம் ஊர் மௌலூது மஜ்லிஸ்களையும் கிழக்கிலங்கையின் பக்கீர் பைத்துகளையும் அறிந்தவர்களுக்கு இது புதினமல்ல. குளியலறையில் தொங்கிய நபிமொழியும் இந்தக் கலைஞனின் பாடலும் ஒன்றா? ஒன்றில் அறியாமை இருக்கிறது. மற்றதில் அறிந்து செய்த பக்தி இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே தீர்ப்பைக் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம்.

மனம் புண்பட்டது என்பதும் ஆராயாமல் சொல்லப்படும்போது ஒரு வகைப் புள்ளிதான். அது பூச்சியம். பூச்சியம் போட்டவன் அதன் பின் எதையும் விளக்கத் தேவையில்லை. 2020 ஜூனில் 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகம் வெளிவந்த சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் பூச்சியம் போட்டார்கள். அதை விளையாடி முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும்! அதன் பிறகுதான் மெட்டாக்ரிடிக், ஒரு கேம் வெளிவந்து 36 மணித்தியாலம் கழிந்தே பாவனையாளர்கள் புள்ளி போடலாம் என்று விதி செய்தது. சீகிரியாவும் பூச்சியத்தைக் கண்டிருக்கிறது. 1967 ஒக்டோபரில் ஓரிரவு யாரோ ஏறிவந்து ஓவியங்கள்மேல் பச்சை வர்ணத்தை அள்ளிப் பூசிவிட்டுப் போனார்கள். பல நூற்றாண்டுகளாக வந்தவர்கள் கீறிவைத்த வரிகள் எல்லாம் அந்த ஓவியங்களோடு பேசின. பச்சை வர்ணம் பேசவில்லை.

4

பிறர் போட்ட புள்ளிகளைப் பற்றி இவ்வளவு பேசியவன் தானாக ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டாமா? விடுமுறையின் மிச்ச நாட்களில் மருமகனின் அருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு கேம்களைப் பார்த்தேன். என் விரல்கள் அந்த வேகத்துக்கு ஒத்துழைக்கவில்லை. ஓடுவதும் பாய்வதும் அவன் பொறுப்பு. நில், இந்தப் பக்கம் திரும்பு என்று சொல்வது என் பொறுப்பு.

முதலாவது, 2023 ஒக்டோபரில் வந்த 'அசாசின்ஸ் கிரீட்: மிராஜ்'. களம் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாத். மெட்டாக்ரிடிக்கில் எழுபதுகளின் நடுப்பகுதியில் நின்றது. சிறியது, பழைய பாணிக்குத் திரும்புகிறது, கதை மெலிந்தது என்பன பலரும் சொன்ன குறைகள்.

கலீபா மன்சூர் 762இல் கட்டத் தொடங்கிய வட்ட நகரம், அதைச் சுற்றி வளர்ந்த கடைவீதிகள், கால்வாய்கள், அறிவு இல்லமான பைத்துல் ஹிக்மா. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இஸ்லாமிய வரலாறு என்று மனனம் செய்து பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டு மறந்த பெயர்கள். அவற்றின் ஊடே நடக்க முடிந்தது. அரபு மொழியிலேயே பேசவைத்துக் கேட்கவும் முடிந்தது. ஒரு கூரையின் மேல் நின்றபோது பாங்கொலி கேட்டது. மருமகன் கையை எடுத்துவிட்டு அமைதியாக இருந்தான். இது வரையில் இவ்வகைக் கேம்களில் அரபு மொழி கேட்டால் அடுத்த கணம் ஒரு துப்பாக்கி வரும் என்று அவனுடைய தலைமுறை பழகியிருக்கிறது. இங்கே அந்த ஒலிக்குப் பின் ஒன்றும் வெடிக்கவில்லை. சந்தையில் வியாபாரம் நடந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி என்ற இலக்கத்தில் இந்த அமைதிக்கு எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்காக அந்தக் கேமை நான் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். கதை மெலிந்தது என்று சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். நான் அதைவிடவும் கடுமையாகச் சொல்வேன். 861இல் கலீபா முதவக்கில் கொல்லப்பட்டது அப்பாசியர் வரலாற்றின் ஒரு திருப்பம். சாமர்ராவில், துருக்கியக் காவற்படையின் கையால், வாரிசுப் போட்டியின் விளைவாக நடந்தது அது. பேரரசின் சிதைவு அங்கிருந்து வேகம் பிடித்தது. இந்தக் கேம் அதைக் கதாநாயகன் களவெடுக்கப் புகுந்த அரண்மனையில் தற்செயலாக நேரும் சாவாகச் சுருக்கிவிடுகிறது. நகரத்தின் செங்கல்லுக்குக் காட்டிய மரியாதையை அந்நகரத்தாரின் அரசியலுக்குக் காட்டவில்லை. பாங்கொலி கேட்டுவிட்டது என்பதற்காக நாம் இதைச் சொல்லாமல் விட்டால், குளியலறை எழுத்தைக் காணாமல் 94 போட்டவர்களுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை.

இரண்டாவது, ரொறன்ரோவிலிருந்து 2023 ஜூலை இறுதியில் வந்த 'வெண்பா'. 1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியும் அவர்களது மகன் கவினும்தான் கதை. தாயின் சமையற் குறிப்புப் புத்தகம் கறைபட்டு எழுத்தழிந்து கிடக்கிறது. விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஆவி ஏறும்படி எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் எந்த ஒழுங்கில் போடுவது என்பவைதான் இந்தக் கேமின் வீரசாகசங்கள். இதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. தங்கையும் குசினி வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிரியாணிக் கட்டம் வந்தபோது அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. அவற்றை இங்கே எழுதினால் சஞ்சிகை போதாது.

மகன் வளர வளரத் தமிழ் அவன் வாயிலிருந்து நழுவுகிறது. தாய் தமிழில் கேட்கிறாள். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். சமையற் புத்தகத்தில் அழிந்த எழுத்தும், மகனுக்கு வாசிக்க வராத எழுத்தும் ஒன்றுதான் என்பதை விளையாடுகிறவனின் கையாலேயே உணர்த்திவிடுகிறார்கள். அழிந்த வரியை நாமே நிரப்ப முயன்று, பிழைவிட்டு, மீண்டும் தொடங்கும்போது அந்த இழப்பு நம்முடையதாகிறது. சிறுகதையிலோ சினிமாவிலோ இதை வேறு விதமாகத்தான் சொல்ல முடியும். இந்தக் கலைவடிவத்துக்கே உரிய ஒரு வலிமை இது. 2024இல் பிரித்தானியாவின் பஃப்டா, அறிமுகக் கேமுக்கான விருதை இதற்குக் கொடுத்தது.

மெட்டாக்ரிடிக் புள்ளி 80ஐ ஒட்டி வந்தது. நல்ல புள்ளிதான். ஆனால் புகழ்ந்து எழுதியவர்களிலும் பலர் ஒரே குறையைச் சொன்னார்கள்: மிகச் சிறியது, இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது என்று. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. குறள் வெண்பாவுக்கு இரண்டடிதான். நாலடி வரவில்லையே என்று அதற்கு எவரும் புள்ளி குறைத்ததில்லை. அந்தப் பெயரின் பொருள் தெரிந்த ஒருவர் விமர்சனம் எழுதியிருந்தால், சுருக்கம் இங்கே குறையா வடிவமா என்ற கேள்வியையாவது கேட்டிருப்பார். என் குறை வேறு. ரொறன்ரோவில் கேட்கும் தமிழில் பெரும்பங்கு எங்கள் நாட்டிலிருந்து போரைத் தப்பிப் போனவர்களின் தமிழ். அந்தத் தமிழின் சாயல் இக்குடும்பத்தைச் சுற்றி இன்னும் கேட்டிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. இதுவும் மாத்தளையிலிருந்து பார்க்கிற ஒருவனுக்கு மட்டும் படுகிற குறையாக இருக்கலாம். அதனால்தான் இன்ன ஊரிலிருந்து பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டுச் சொல்கிறேன்.

5

இதையெல்லாம் மருமகனிடம் பேசியபோது அவன் ஒரு நியாயமான கேள்வியைப் போட்டான்.

"மாமா, புதுக் கேம் ஒன்று எழுபது டொலர். நம்ம காசுக்கு இருபதாயிரத்துக்கு மேலே. வருஷத்துக்கு ஒன்றுதான் வாங்க ஏலும். பிழையா வாங்கினா முடிஞ்சிச்சு. கவிதை வாசிச்சிட்டு இருக்கவா சொல்றீங்க?"

2022இன் பொருளாதார நெருக்கடியைக் கண்ட வீட்டுப் பிள்ளையின் கேள்வி இது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 'யூரோகேமர்' 2015இல் புள்ளி போடுவதைக் கைவிட்டது. 2023இல் ஐந்து நட்சத்திர முறையோடு திரும்பி வந்தது. வாசகர்கள் கேட்கிறார்கள், அதில் தப்பில்லை. புள்ளி கடைத்தெருவுக்கு உதவும். அதைச் செய்துவிட்டு விமர்சனம் செய்து முடித்ததாக நினைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். வாங்கலாமா என்பது ஒரு கேள்வி. வாங்கிய பின், விளையாடி முடித்த பின், இது எனக்கு என்ன செய்தது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைக் கேட்க நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாம் எப்படிச் சொல்லிக் கொடுப்போம்? நம் நூல் வெளியீட்டு விழாக்களை நினைத்துப் பாருங்கள். மேடையேறும் ஒவ்வொருவரும் நூறுக்கு நூறு போட்டுவிட்டு இறங்குகிறார்கள். பிரதியை வாசித்தவர், அட்டையை மட்டும் பார்த்தவர் என்ற பேதமில்லை. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். மறுபக்கத்தில், பிடிக்காத கதை ஒன்று வந்தால் ஆகும், ஆகாது என்ற ஒற்றை வார்த்தையோடு எழுத்தாளனையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். நூறும் பூச்சியமும். இடையிலுள்ள தொண்ணூற்றொன்பதிலும்தான் இலக்கியம் நடக்கிறது. மருமகனின் கேம் உலகத்தைப் பார்த்து நான் வருந்தத் தொடங்கி, கடைசியில் என் சொந்த வீட்டு முற்றத்தில் வந்து நிற்கிறேன்.

சீகிரியாச் சுவரில் இப்போது எழுத முடியாது, எழுதவும் கூடாது. 2015இல் அதில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பில் அவர் விடுதலையானார். தொல்பொருளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனாலும் அந்தச் செய்தியை வாசித்த நாளில், ஆயிரம் வருடங்களுக்கு முன் வந்திருந்தால் இவருடைய பெயரும் பேராசிரியரின் நூலில் இருந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். வந்தேன், பார்த்தேன், இது என் பெயர் என்று சொல்லும் ஆசை மனிதருக்குப் போகாது. அதற்கு வேறு சுவர் வேண்டும்.

நம் இளைஞர்களுக்கு அந்தச் சுவரை நாம் கொடுக்கலாம். மாத்தளையிலும் அக்குறணையிலும் காத்தான்குடியிலும் இரவிரவாக விளையாடும் பிள்ளைகள், நம் சிறுகதைகளில் இன்னும் நுழையாத உலகங்களைக் கண்டு வருகிறார்கள். அவர்களுடைய அபிப்பிராயம் ஆங்கில இலக்கமாக வெளியேறிவிடுகிறது. தமிழில் ஒரு வரியும் மிஞ்சுவதில்லை. சினிமாவுக்கும் நாவலுக்கும் இடம் கொடுக்கும் நம் சஞ்சிகைகள் இதற்கும் இரண்டு பக்கம் ஒதுக்கினால் குறைந்துபோக மாட்டா.

மருமகனிடம் மிராஜ் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எழுதித் தந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய. கூரையின் மேல் நின்று பாங்கு கேட்ட இடத்தைப் பற்றி ஆறு வரி இருக்கிறது. அந்த ஆறு வரியை நான் எழுதியிருக்க முடியாது. கலீபாவின் கொலை பற்றி என் கருத்தை அவன் ஏற்கவில்லை. 'இது கதை மாமா, பாடப் புத்தகம் இல்லை' என்று அதிலேயே எழுதியிருக்கிறான். கீழே பெயரும் ஊரும் போட்டு, அதற்கும் கீழே பத்துக்கு எட்டு என்றும் போட்டிருக்கிறான்.

அதை நான் அழிக்கவில்லை. அந்த எட்டு யாருடையது, ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும்.